பழைய ரோடு சைக்கிளில் பிரேக்கும் கியரும் தகராறு செய்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய ரோடு சைக்கிள் கிடைப்பது இப்போது பெரிய காரியமில்லை. ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு. அங்கே யாரோ ஆசையாய் வாங்கி, கொஞ்ச நாள் ஓட்டி, பால்கனியில் நிறுத்தி வைத்து, கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிட்ட சைக்கிள் நம் ஊருக்கு வந்து சேர்கிறது. இன்னொரு வகை, 80-களிலோ 90-களிலோ வாங்கி, வீட்டுப் பரணில் கிடந்து, இப்போது பையனோ பேத்தியோ இறக்கித் துடைத்தது. இரண்டிலும் புகார் ஒன்றுதான்: பிரேக் பிடிக்கவில்லை, கியர் விழவில்லை. வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர், ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் உள்ள வண்டிகளுக்கான பதில்கள் இவை. டிஸ்க் பிரேக் வேறு கதை.

பிரேக்கும் கெட்டிருக்கிறது, கியரும் கெட்டிருக்கிறது. எதில் தொடங்குவது?

பிரேக்கில். கியர் விழாவிட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வீடு வந்து சேரலாம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளிலோ வத்தல்மலைக் கொண்டை ஊசிகளிலோ பிரேக் கைவிட்டால் தள்ளிக்கொண்டு வர வண்டி மிஞ்சாது.

இன்னொன்று. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பழைய சைக்கிளில் கண்ணில் படுகிற திருகையெல்லாம் திருகிப் பார்க்கிற பழக்கம்தான் பாதி வண்டிகளைக் கெடுக்கிறது. திருகு தானாகத் திரும்புவது அபூர்வம். நேற்று வரை ஒழுங்காய் இருந்த கியர் இன்று குதிக்கிறதென்றால் மாறியது வேறு ஏதோ: துருவேறிய ஒயர், தேய்ந்த செயின், எங்கோ சாய்ந்து விழுந்ததில் வளைந்த இரும்பு. அதைக் கண்டுபிடிக்காமல் திருகைத் தொட்டால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

லீவரை முழுக்க இழுத்தாலும் வண்டி நிற்கவில்லை. பிரேக் கட்டை மாற்றினால் போதுமா?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். லீவர் ஹேண்டில்பாரைத் தொடும்வரை போகிறதா? அல்லது லீவர் பாதியிலேயே கல்லுபோல நின்றும் வண்டி மட்டும் ஓடுகிறதா? இரண்டுக்கும் காரணம் வேறு.

ஹேண்டில்பாரைத் தொட்டால் தொய்வு ஒயரில். ரிம்மைக் கவ்வும் பிரேக் கைகளின் பக்கத்தில் சின்னதாக ஒரு நெம்பு இருக்கும். சக்கரத்தைக் கழற்றும்போது கட்டைகளை விரித்துக்கொள்வதற்கானது. பஞ்சர் ஒட்டிவிட்டு அதை மூட மறப்பது சகஜம், அதை முதலில் பாருங்கள். அது மூடித்தான் இருக்கிறதென்றால் ஒயர் நுழையும் இடத்தில் உள்ள உருளைத் திருகை வெளிப்பக்கமாகத் திருகித் தொய்வை எடுங்கள். அது கடைசிவரை வந்துவிட்டால் உள்ளே திருப்பி விட்டு, ஒயரைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, இழுத்து முடுக்குங்கள்.

லீவர் கல்லுபோல நின்றும் வண்டி நிற்காவிட்டால் குற்றவாளி கட்டையும் ரிம்மும். கட்டையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பரில் நகம் கொஞ்சமாவது பதியும். பத்து, இருபது வருடம் கிடந்த ரப்பர் காய்ந்து பளபளவென்று கண்ணாடிபோல ஆகியிருக்கும். அதில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஒரு வாரம் பிடிக்கும், அவ்வளவுதான். மாற்றிவிடுங்கள். விலை அதிகமில்லாத பொருளில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கட்டை புதிதாக இருந்தாலும் நம் ஊரில் ஒரு தனித் தொல்லை உண்டு. கிரானைட் குவாரி லாரிகள் ஓடுகிற சாலைகளில் கல்துகள் ஓரமாகவே கிடக்கும். மழை பெய்தால் அது சக்கரத்தோடு ஏறி ரப்பருக்குள் பதிந்துவிடும். அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'கர்ர்' என்று ரிம்மை அரம் போட்டதுபோல அறுக்கும். கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்பு ரப்பரில் புள்ளி புள்ளியாக மின்னுவது தெரியும். சில கல், சில அலுமினியச் சீவல். ஒரு ஊக்கால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்துவிட்டு, மேல்தோலை உப்புத்தாளில் தேயுங்கள். ரிம்மை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் பசை மிஞ்சும்.

அப்படியே ரிம்மின் பக்கச் சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தால் அலுமினியம் தேய்ந்து மெலிந்துவிட்டது. டயர்க் காற்றின் அழுத்தத்தில் ஒரு நாள் அது பிளந்துகொள்ளும். அந்த ரிம்மை ஓட்டவே கூடாது.

டவுன் சைக்கிள் கடையில் கிடைக்கிற பிரேக் ஒயர் இதற்குப் பொருந்துமா?

ஒயரின் தலையைப் பாருங்கள். நேர் ஹேண்டில் வண்டிக்கான ஒயருக்குத் தலை சின்ன உருளை மாதிரி இருக்கும். வளைந்த ஹேண்டில் ரோடு லீவருக்கு வேண்டியது பேரிக்காய் வடிவத் தலை. சில ஒயர்களில் ஒரு முனையில் ஒன்று, மறுமுனையில் மற்றொன்று என்று இரண்டுமே இருக்கும், வேண்டாததை வெட்டிவிடலாம். தலை லீவரின் குழிக்குள் முழுதாக இறங்கி உட்கார வேண்டும். அரத்தால் ராவிப் புகுத்துகிற வேலை பிரேக்கில் வேண்டவே வேண்டாம்.

உள்ளே ஓடும் இன்னர் ஒயரின் தடிமன் பிரேக்குக்குச் சுமார் 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர், கியருக்கு 1.2 அல்லது 1.1. அதன் மேலுறையான அவுட்டரும் வேறு வேறு. பிரேக் அவுட்டருக்குள் எஃகுப் பட்டை சுருளாகச் சுற்றியிருக்கும். ஒவ்வொரு கியருக்கும் 'கிளிக்' என்று நிற்கும் லீவருக்கான கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் படுத்திருக்கும். கியர் அவுட்டரை பிரேக்குக்குப் போடாதீர்கள். இறுக்கிப் பிடிக்கும் வேகத்தில் அந்த நீளக் கம்பிகள் உறையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும், பிரேக் அந்த நொடியே போய்விடும். கடையில் "ரெண்டும் ஒண்ணுதான், போடுங்க" என்று சொன்னாலும் கேட்காதீர்கள். வெட்டுமுனையைப் பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும்.

அவுட்டரை வெட்டியதும் முனை நசுங்கியிருக்கும். அரத்தால் தட்டையாக ராவி, கோணூசியால் ஓட்டையைத் திறந்துவிட்டு, முனைக்குத் தொப்பி போட்டுத்தான் மாட்ட வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இது. நசுங்கிய முனை ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் அமுங்கும். லீவர் பஞ்சுபோல இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மாட்டி முடித்ததும் லீவரை முழுப் பலத்தோடு பத்துப் பதினைந்து முறை இழுங்கள். எல்லாம் அதனதன் இடத்தில் உட்காரும். அப்புறம் தொய்வை மறுபடி எடுங்கள்.

ஒயரை எப்போது மாற்றுவது என்றால், லீவரை அழுத்திப் பிடித்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தலைக்குப் பக்கத்தில், ஒயர் வளையும் இடத்தில், ஒரே ஒரு இழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் அன்றே மாற்ற வேண்டும். வெளியே இருக்கும் ஒயர் புதுசு போலவே மின்னும், அறுவது பெரும்பாலும் இந்த மறைவில்தான்.

பிரேக் ஒரு பக்கக் கட்டை மட்டும் ரிம்மில் உரசுகிறது.

சக்கரம் ஃபோர்க்கில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கழற்றித் திரும்ப மாட்டினாலே பல நேரம் தீர்ந்துவிடும். சக்கரம் சுற்றும்போது ஒரு இடத்தில் மட்டும் உரசினால் சக்கரத்தில் கோட்டம். பிரேக்கைத் தொடாமல் கோட்டம் எடுங்கள். எல்லா இடத்திலும் ஒரே பக்கம் உரசினால்தான் பிரேக்கை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய ஒற்றை அச்சு பிரேக்கில் ஃபோர்க்குக்குப் பின்னால் உள்ள நட்டையும் முன்னால் உள்ள நட்டையும் ஒரே நேரத்தில் இரண்டு ஸ்பேனரால் பிடித்து, வேண்டிய பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள். கொஞ்சம் புதிய இரட்டை அச்சு பிரேக்கில் இதற்கென்றே பக்கவாட்டில் சின்னத் திருகு உண்டு.

விட்டதும் கட்டை திரும்பி விரியவில்லையென்றால் கை இரண்டும் சேரும் அச்சில் பழைய கிரீஸ் பசையாகியிருக்கும். கழற்றிக் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முன்பக்க நட்டுகளை ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் முடுக்குங்கள். எண்ணெய் கட்டையில் படக் கூடாது.

பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துகிறது.

கட்டையின் முன்முனை பின்முனையைவிட ஒரு மில்லிமீட்டர் முன்னதாக ரிம்மைத் தொடும்படி சாய்த்து வையுங்கள். பின்முனைக்கு அடியில் ஒரு மடித்த அட்டையைச் செருகி, லீவரை இழுத்துப் பிடித்தபடி நட்டை முடுக்கினால் சாய்வு தானாக வந்துவிடும். கட்டை டயரைத் தொடக் கூடாது, ரிம்முக்குக் கீழே தொங்கவும் கூடாது. டயரைத் தொட்டால் கொஞ்ச நாளில் பக்கச் சுவரை அறுத்துவிடும்.

பரணிலிருந்து இறக்கிய வண்டியில் ரிம் பளபளவென்று குரோம் இரும்பு. மழையில் பிரேக்கே இல்லை.

குரோம் இரும்பு ரிம்மின் பிறவிக் குணம் அது. காய்ந்திருக்கும்போது பரவாயில்லை, நனைந்தால் பிடிமானம் பாதிக்கும் கீழே போய்விடும். எந்தக் கட்டை போட்டாலும் அலுமினிய ரிம் அளவுக்கு வராது. ரிம்மை மாற்றுவதுதான் நிரந்தர வழி. அதுவரை மழையில் வெகு முன்னாலேயே மெல்லப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டு, அப்புறம் அழுத்திப் பிடியுங்கள். மழை நாளில் மலை இறக்கத்துக்கு அந்த வண்டி வேண்டாம்.

ரிம் மாற்றும்போது ஒரு அளவுக் குழப்பம் வரும். அந்தக் கால ரோடு சைக்கிள் பலவற்றில் 27 அங்குலச் சக்கரம். டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர். இப்போது கிடைக்கும் 700சி ரிம் 622. ஊர்க் கடையில் கிடைக்கும் 28 x 1½ டயர் பால்காரர் வண்டிக்கானது, 635. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. 27-ஐக் கழற்றி 700சி போட்டால் ரிம் 4 மில்லிமீட்டர் உள்ளே போகும். பிரேக் கட்டையும் அவ்வளவு கீழே இறங்க வேண்டும். பிரேக் கையில் உள்ள நீள்துளையில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு ரிம் வாங்குங்கள்.

ஹேண்டிலின் மேல்பகுதியில் இன்னொரு நீளமான லீவர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

கழற்றிவிடுங்கள். 70, 80-களின் வழக்கம் அது. நிமிர்ந்து உட்கார்ந்தபடி பிடிக்க வசதியாய்த் தெரியும், ஆனால் முழு இழுப்புக்கு முன்பே ஹேண்டில்பாரில் மோதி நின்றுவிடும்.

கியர் தானாகவே மாறிக்கொள்கிறது. ஏறிக்கொண்டிருக்கும்போது திடீரென்று சின்னப் பல்லுக்கு விழுகிறது.

ஃபிரேமின் கீழ்க்குழாயில் கிளிக் இல்லாத லீவர் உள்ள வண்டியா? அந்த லீவர் உராய்வில் மட்டுமே நிற்கிறது. செயினைப் பல்லுக்குப் பல் மாற்றிப் போடும் பின்பக்க டீரெய்லரின் ஸ்ப்ரிங் எந்நேரமும் ஒயரை இழுத்துக்கொண்டே இருக்கும். லீவர் தளர்ந்தால் ஸ்ப்ரிங் ஜெயிக்கும். லீவரின் நடுவில் உள்ள திருகை, பெரும்பாலும் மடக்குகிற வளையம் ஒன்று இருக்கும், கால் சுற்று முடுக்குங்கள். அது போதும். முடுக்கியும் நழுவினால் உள்ளே எண்ணெய் போயிருக்கும். கழற்றித் துடைத்து உலர்வாக மாட்டுங்கள். எண்ணெய் போடாமல் இருப்பதே மருந்து என்கிற இடம் சைக்கிளில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், பிரேக் கட்டையைத் தவிர.

கிளிக் லீவர்தான். ஆனால் ஒரு கிளிக்குக்கு ஒரு கியர் விழுவதில்லை.

ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ 1984-ல் கொண்டுவந்த கிளிக் முறையின் சங்கதியே இதுதான்: ஒரு கிளிக்குக்கு ஒயர் இவ்வளவு நகரும், டீரெய்லர் இவ்வளவு நகரும் என்று கணக்கு. கணக்கில் சின்னப் பிசகு வந்தாலும் செயின் இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவில் அலையும்.

வண்டியைத் தூக்கி நிறுத்துங்கள். மிகச் சின்னப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒயர் தொங்கவும் கூடாது, விறைக்கவும் கூடாது. பெடலைச் சுற்றியபடி ஒரு கிளிக். செயின் இரண்டாவதில் ஏறவில்லையென்றால் டீரெய்லரின் பின்னால் ஒயர் நுழையும் உருளைத் திருகை, பின்னாலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாக அரைச் சுற்று திருப்புங்கள். ஒரே கிளிக்கில் மூன்றாவதுக்குத் தாவினால் வலஞ்சுழி. ஒவ்வொரு தடவையும் அரைச் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

சிலருக்குச் செயின் பெரிய பல்லுக்கு ஏறும்போது சரியாக ஏறும். இறங்கும்போது மட்டும் தயங்கித் தயங்கி, இரண்டு மிதி மிதித்த பிறகு விழும். உடனே உருளைத் திருகை எதிர்ப்பக்கம் திருப்புவார்கள், இறங்குவது சரியாகி ஏறுவது கெடும். இப்படியே முன்னும் பின்னும் திருகி மாலை வரை ஓட்டியவர்கள் உண்டு. ஏறுவது உங்கள் கைப்பலம், இறங்குவது ஸ்ப்ரிங்கின் பலம். ஸ்ப்ரிங்கால் ஒயரைத் திரும்ப இழுக்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். பெரும்பாலும் அடைப்பு, டீரெய்லருக்குள் நுழையும் கடைசி வளைவு அவுட்டரில் இருக்கும். தண்ணீரும் தூசியும் இறங்கித் தங்குகிற இடம் அது. இல்லையென்றால் பெடல் அச்சுக்கு அடியில் ஒயர் ஓடும் பிளாஸ்டிக் தடத்தில் செம்மண் குழம்பாகி இறுகியிருக்கும். இன்னரும் அந்தக் கடைசித் துண்டு அவுட்டரும் புதுசாகப் போட்டு, அடித் தடத்தைக் கழுவுங்கள். புது டீரெய்லர் வாங்கியே ஆக வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் செய்யச் சொல்வது இது. அதற்கு மேல் பலர் திரும்பி வருவதில்லை.

ஒன்று மட்டும்: பின்னால் எட்டு பல்சக்கரம் உள்ள அடுக்கை, ஃப்ரீவீலோ கேசட்டோ, மாட்டிக்கொண்டு ஏழு கியருக்கான கிளிக் லீவரை வைத்திருந்தால் எந்த ஒயரும் உதவாது. ஷிமானோவில் ஏழுக்குப் பல்லுக்குப் பல் இடைவெளி 5 மில்லிமீட்டர், எட்டுக்கு 4.8. முதல் மூன்று கியரில் தெரியாது, போகப் போகப் பிசகு கூடும்.

டீரெய்லரில் எச், எல் என்று இரண்டு திருகு இருக்கிறதே?

அவை எல்லைக் கற்கள். எச் சின்னப் பல்லுக்கு வெளியே செயின் விழாமலும், எல் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்குள் போகாமலும் தடுக்கும். நடு கியர்கள் சரியாக விழாததற்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. எல் திருகைச் சோதிக்க, பெடலை மெல்லச் சுற்றியபடி டீரெய்லரைக் கையால் உள்பக்கம் தள்ளுங்கள். பெரிய பல்லோடு நின்றுவிட்டால் தொடாதீர்கள்.

ஒயர் புதுசு, அளவு எல்லாம் பார்த்தாயிற்று. இன்னும் சில கியரில் சத்தம்.

பின்னால் உட்கார்ந்து கண்ணை டீரெய்லர் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் இரண்டு சின்ன உருளைகளும் மேலே உள்ள பல்சக்கரமும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். கீழ் உருளை சக்கரத்தை நோக்கி உள்ளே சாய்ந்திருந்தால் டீரெய்லர் தொங்குகிற காது வளைந்துவிட்டது. வலப்பக்கமாக ஒரு தடவை விழுந்தாலே இது நடக்கும். பஸ் மேல் ஏற்றி வந்த வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இரும்பு ஃபிரேம் என்றால் நிமிர்த்தலாம், அதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. அந்தக் காதின் மரை 10 மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் புரி. கியர் சைக்கிள் பலவற்றின் பின்சக்கர அச்சும் அதே மரை. டீரெய்லரைக் கழற்றிவிட்டு, இன்னொரு பின்சக்கரத்தின் அச்சை அந்தக் காதில் கையாலேயே திருகி ஏற்றுங்கள். மரை ஒத்துவராவிட்டால் பலவந்தம் வேண்டாம். இப்போது வண்டியின் சொந்தச் சக்கரமும் இந்தச் சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மேலே, கீழே, முன்னே, பின்னே என்று நாலு இடத்தில் இரண்டு ரிம்முக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் காது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதென்று அப்பட்டமாகத் தெரியும். சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து, மெதுவாக, நாலு இடைவெளியும் ஒன்றாகும்வரை வளையுங்கள். அவசரப்பட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் இரும்பு களைத்துவிடும்.

அலுமினிய ஃபிரேமில் இதைச் செய்யாதீர்கள். அதில் பெரும்பாலும் காது தனித் துண்டாகத் திருகியிருக்கும், அந்த மாடலுக்கு உரியதை வாங்கி மாற்ற வேண்டும்.

மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் செயின் 'டக்' என்று நழுவுகிறது.

செயின் தேய்மானம். அங்குல ஸ்கேல் எடுத்து, பூஜ்ஜியத்தை ஒரு பின்னின் நடுவில் வையுங்கள். பன்னிரண்டாவது அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்தால் செயின் புதுசுக்குச் சமம். 1/16 அங்குலம் தள்ளி வந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். அரைக்கால் அங்குலம், அதாவது 1/8, தள்ளிவிட்டால் பின் பல்சக்கரமும் கூடவே தேய்ந்திருக்கும். அதில் புதுச் செயின் மாட்டினால் முன்பைவிட அதிகமாகக் குதிக்கும். கடையில் கேட்கும்போது கியர் வண்டிச் செயின் என்று சொல்லிக் கேளுங்கள். சாதாரண வண்டிச் செயின் அகலம் கூடியது.

பிரேக் லீவரோடு கியர் சேர்ந்த வகை. தள்ளினால் 'கிளிக்' என்பதே இல்லை, வெறுமனே போய் வருகிறது.

இந்த வகை 1990-ல் வந்தது. பல வருடம் ஓட்டாமல் கிடந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் பசையாகி, பல்லைக் கவ்வ வேண்டிய சின்னக் கொக்கி அசையாமல் ஒட்டிக்கொள்ளும். "போச்சு, புதுசுதான்" என்று சொல்லிவிடுவார்கள். பாதி நேரம் போகவில்லை. குறுகிய குழாய் உள்ள துருநீக்கி ஸ்ப்ரேயை லீவரைத் தள்ளியபடி உள்ளே நன்றாக அடித்து, அழுக்கு ஒழுகவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அடித்து, லீவரைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருங்கள். கிளிக் திரும்பியதும் மெல்லிய எண்ணெய் சில சொட்டு விடுங்கள். வண்டியைப் படுக்க வைத்துச் செய்யுங்கள், ரிம்மில் ஒழுகினால் பிரேக் போய்விடும். திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம்.

முன் கியர்?

செயினைத் தள்ளும் முன் டீரெய்லர்க் கூண்டின் வெளித்தகடு பெரிய பல்சக்கரத்துக்கு இணையாக, அதன் பல்லுக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் மேலே இருக்க வேண்டும். முன் கியர்ப் புகாரில் பெரும்பாலானவை இந்த உயரமும் கோணமும்தான்.

செயினுக்கும் ஒயருக்கும் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழிக் காலையில் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் குப்பியில் அது வெள்ளையாய்க் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான் அவுட்டருக்குள்ளும் நடக்கும்.  ஒயருக்கும் அச்சுகளுக்கும் தையல் மெஷின் எண்ணெய் போதும். செயினுக்குச் செயின் எண்ணெயே நல்லது. விட்டு, சுற்றி, வெளிப்பக்கத்தை உலரத் துடையுங்கள். துடைக்காவிட்டால் குவாரித் தூசி அத்தனையும் அதில்தான் ஒட்டும்.

எதைக் கடையில் கொடுப்பது?

கோட்டம் எடுப்பது, ஃப்ரீவீல் கழற்றுவது. கோட்டத்தில் நம் ஊர்ப் பழைய மெக்கானிக்குகளின் கை சுத்தம். கட்டை விரலை ரிம்மில் வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஃப்ரீவீல் அப்படியல்ல. உள்வாயில் பல்லா, இரண்டு வெட்டா என்று பார்த்து அதற்குரிய சாவி அவர்களிடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். உளியும் சுத்தியலும் எடுத்தால், "வேண்டாம்ணே, அப்புறம் வர்றேன்" என்று வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கியர் சரிசெய்யக் கொடுப்பதாக இருந்தால் எந்தத் திருகைத் தொட வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

எல்லாம் முடித்தாயிற்று. எங்கே ஓட்டிப் பார்ப்பது?

முதலில் எந்த லீவர் எந்தச் சக்கரத்துக்கு என்று நின்றபடியே பிடித்துப் பாருங்கள். கைமாறி வந்த வண்டிகளில் இடம் வலம் மாறியிருக்கும். அப்புறம் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பலமாக முன்னால் தள்ளுங்கள்: பின்சக்கரம் தூக்க வேண்டும், ஒயர் ஒரு இம்மியும் நழுவக் கூடாது. அதற்குப் பிறகு தெருவில் நாலு சுற்று. மறுநாள் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் போகிற மாதிரி சமதளச் சாலை. மலைச் சாலைக்கு, புது ஒயரின் தொய்வை ஒரு தடவை எடுத்த பிறகு போகலாம். தொப்பூர்க் கணவாய்க்குப் பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் போகச் சொல்ல மாட்டேன். அங்கே பின்னால் வரும் லாரியின் பிரேக்கையும் நீங்கள் நம்ப வேண்டியிருக்கும்.